வெளியே அடித்த தண்ட உதை

மழைக்கு ஊர் வேற்றுமை கிடையாது. சண்டிலிப்பாய் விளையாட்டுக் கழக மைதானத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கரவெட்டி மைதானத்தில் கோல் கம்பத்தடியில் தவளை கத்துகிறது என்று கேள்வி. இரண்டு ஊருக்கும் இடையிலான கிண்ண இறுதியாட்டத்தை ஏற்கெனவே மூன்று தடவை தள்ளிப்போட்டாயிற்று. இனித் தள்ளிப்போட வழியில்லை. தகப்பனார் பேரில் அந்தக் கிண்ணத்தைக் கொடுக்கிற மகாதேவி அக்கா கனடாவிலிருந்து வந்து நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமை விமானம். கிண்ணத்தைத் தன் கையால்தான் கொடுப்பேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

இரண்டு கழகமும் கூடிக் குழம்பிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பகிடிக்காரன், "அப்ப ரீவியிலை விளையாடுவம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மகாதேவி அக்கா சிரிக்கவில்லை. பேரன்களுக்கென்று கொண்டுவந்த, ரீவியில் பூட்டி ஆடுகிற வீடியோ விளையாட்டுப் பெட்டியும், அந்த வருடத்து உதைபந்தாட்ட விளையாட்டும் உறை பிரிக்காமல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பகிடியாகத் தொடங்கியதைத் தீர்மானமாக நிறைவேற்றுவதில் எங்கள் ஊர்க் கழகங்களை வெல்ல ஆளில்லை. மைதானத்தில் பதினொருவர் ஆடவேண்டியதைத் திரையில் ஊருக்கு ஒருவர் ஆடுவது, வென்ற ஊருக்குக் கிண்ணம் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

கரவெட்டிக்காரர் யோசிக்கவே இல்லை. "எங்களுக்குக் கோபிசங்கர்" என்றார்கள். சண்டிலிப்பாயில்தான் சிக்கல். அந்த விளையாட்டை ஒழுங்காக ஆடத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். அவன் பெயர் நிருஷன். கழகத் தலைவர் அருளம்பலத்தாரின் மருமகன். பிறந்தது கரவெட்டி. கோபிசங்கரின் சொந்தத் தம்பி.

இங்கே பெண்ணுக்கு வீடு வளவு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். நிருஷனும் அப்படி வந்தவன்தான். வந்து ஏழு வருடமாகிறது. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போட்டான், செத்தவீட்டில் பந்தல் கட்டினான், மாமனாரின் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடித்தான். எல்லாம் செய்தும் ஊருக்கு அவன் 'கரவெட்டி மாப்பிள்ளை'தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கரவெட்டிக்குப் போனால் அங்கே அவன் 'சண்டிலிப்பாயார்'.

அன்று பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது அருளம்பலத்தார் விஷயத்தை உடைத்தார்.

"மருமோன், நான் நேரைக் கதைக்கிறன். வெண்டால் ஒரு கதையும் இல்லை. தோத்தால், தமையனுக்கு விட்டுக்குடுத்தவர் எண்டுதான் ஊர் சொல்லும். நல்லா விளையாடித் தோத்தாலும் அதைத்தான் சொல்லும்."

"நீங்களும் அப்பிடி நினைப்பியளோ, மாமா?"

மாமனார் எழும்பினார். கோப்பையை வைத்துவிட்டு, கன்றுகளுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கத் தோட்டப் பக்கம் போய்விட்டார். நிருஷனுக்கு அது நெஞ்சில் குத்தியது. ஊர் சொல்வதை ஒருவாறு தாங்கலாம். ஒரே மேசையில் சோறு தின்கிற மனிதரும் அப்படி நினைத்தால் என்ன செய்வது?

மனைவி சாருஜா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சையப்பா, அவர் கிடக்கிறார். நீங்கள் வெல்லுங்கோ, எல்லாம் சரியாகும்."

வெல்வது சொல்லுகிற அளவுக்கு லேசான காரியமா? கோபியும் நிருஷனும் ஒரே பாயில் இருந்து அந்த விளையாட்டை ஆடி வளர்ந்தவர்கள். சுவிஸிலிருந்து சித்தப்பா வருடா வருடம் புதுப் பதிப்பு அனுப்புவார். உறை பிரித்த அன்றைக்கே அண்ணனும் தம்பியும் விசாரணைக் குழு மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். விளையாட்டைச் செய்த கம்பனிக்காரன் இந்த வருடம் எதைத் திருத்தியிருக்கிறான், எதைத் திருத்தாமல் விட்டிருக்கிறான்? நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். பந்து உருளுகிற அழகு, வலை அசைகிற அழகு, உதைக்கும்போது கையிலிருக்கிற, பொத்தான் வைத்த பிடி அதிருகிற அந்தச் சுகம், இவற்றுக்கு நிகர் கிடையாது. உன் ஊர்ப் பெயரில் ஒரு அணியை உருவாக்கி உலகத்துப் பெரிய அணிகளோடு மோதவிடலாம். அது சின்ன விஷயமா? ஆனால் அடுத்த வருடப் பதிப்பு வந்தால் அந்த அணி அதற்குள் வராது. திரும்ப முதலிலிருந்து உருவாக்கவேண்டும். கோல் காப்பாளனுக்குப் புத்தி வைக்க மறந்துவிட்டு நட்சத்திர வீரனின் தலைமயிருக்கு மயிர் மயிராக உயிர் கொடுப்பார்கள். விளையாடத் தொடங்கமுன் அதை வாங்கு இதை வாங்கு என்று கடைவீதி வேறு விரிப்பார்கள். "புது மொந்தையிலை பழைய கள்ளு" என்று கோபி ஒவ்வொரு வருடமும் திட்டுவான். திட்டிவிட்டு விடியுமட்டும் ஆடுவான்.

ஆக, தம்பியின் ஒவ்வொரு தந்திரமும் அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுடையதும் தம்பிக்குத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும். இருவருக்கும் தெரியாதது ஒன்றுதான். இந்த வருடப் பதிப்பு சித்தப்பாவிடமிருந்து இன்னும் வந்து சேரவில்லை, இருவருமே அதைத் தொட்டதில்லை.

இரண்டு ஊர் அணிகளையும் அதற்குள் உருவாக்கும் வேலை சாருஜாவின் தலையில் விழுந்தது. கொம்பியூட்டர் படித்தவள் என்பதால் வந்த வினை. முகம் செய்வதோடு பாடு முடிந்ததா என்றால் இல்லை. வேகம் இவ்வளவு, பலம் இவ்வளவு என்று ஒவ்வொரு வீரனுக்கும் புள்ளி போடவேண்டும். சண்டிலிப்பாயின் முன்வரிசை வீரன் லோஜன் வந்து, தன்னுடைய வேகம் பக்கத்து வீட்டுப் பெடியனுடையதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். சிறிது நேரத்தில் அவன் தாயார் வந்தார். கரவெட்டியிலிருந்தும் தொலைபேசி வந்தது. கடைசியில் சாருஜா வெறுத்துப்போய் இருபத்திரண்டு பேருக்கும், கோல் காப்பாளர்கள் உட்பட, எல்லாவற்றுக்கும் எழுபத்தைந்து என்று போட்டுவிட்டாள். உலகத்தில் எந்த அணியிலும் இல்லாத சமத்துவம் அன்று சண்டிலிப்பாயில் நிலவியது.

அதோடு முடியவில்லை. நடுவர் இல்லாமல் இறுதியாட்டம் நடத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. விளையாட்டுக்குள்ளேயே ஒரு நடுவன் ஓடித்திரிகிறான் என்று நிருஷன் சொல்லிப் பார்த்தான். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு ஊருக்கும் பொதுவாக அச்சுவேலியிலிருந்து தில்லைநாதன் மாஸ்ரர் அழைக்கப்பட்டார். தலை நரைக்குமட்டும் மைதானத்தில் ஊதியவர். கறுப்புக் காற்சட்டையும் கழுத்தில் விசிலுமாக, சட்டைப் பையில் மஞ்சள் அட்டை சிவப்பு அட்டையோடு சனசமூக நிலைய மண்டபத்துக்குள் வந்து, திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"உள்ளுக்கை ஓடுற நடுவருக்கு ஆர் சான்றிதழ் குடுத்தது?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்ப என்ரை விசில்தான் கடைசி முடிவு. ரெண்டு தலைவர்மாரும் சம்மதமோ?"

"ஓம்" என்றார் அருளம்பலத்தார். கரவெட்டித் தலைவரும் தலையாட்டினார்.

"வெளியிலை மழை. உள்ளுக்கையும் மழை பெய்யவேணும். வெய்யிலிலை விளையாடினால் அது வேறை ஆட்டம்" என்றார் மாஸ்ரர்.

சாருஜா உள்ளேயும் மழையைப் பெய்யவிட்டாள்.

மண்டபம் நிரம்பி, யன்னல்களில் குடைகளோடு ஆட்கள் தொங்கினார்கள். முன்வரிசையில் இரு ஊர் வீரர்களும் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓடுவதற்கு இடமில்லாவிட்டால் என்ன, சீருடை சீருடைதான். கோபிசங்கர் வந்து தம்பிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான்.

"அம்மா மோதகம் தந்துவிட்டவ. ஆட்டம் முடியத் தாறன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் விட்டுத்தர மாட்டன்."

"தெரியும் அண்ணை."

"நீயும் விடாதை. விட்டால் எனக்குத் தெரிஞ்சிடும்."

விளையாட்டோடு வருகிற ஆங்கில வர்ணனையை நிறுத்திவிட்டார்கள். ஒரே நாலு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் அந்த மனிதர்களுக்குப் பதிலாகக் கழக அறிவிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஆட்டம் தொடங்கியதுமே நிருஷன் பழைய ஆயுதத்தை எடுத்தான். கரையால் ஓடி, பின்னுக்கு வெட்டி, நடுவுக்குக் கொடுப்பது. கோபி அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் நிறுத்தியிருந்தான். இரண்டாவது தடவையும் நிறுத்தியிருந்தான். மூன்றாவது தடவை பந்தைப் பறித்து நீளமாக அடித்தான். சண்டிலிப்பாய்க் கோல் காப்பாளன் வழக்கம்போல் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி வெளியே ஓடிவர, பந்து அவன் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது. ஏழெட்டு வருடமாகத் திருத்தாத அதே பிழை.

முன்வரிசையில் இருந்த உண்மையான கோல் காப்பாளனை மண்டபமே திரும்பிப் பார்த்தது. "நான் எங்கை வெளியிலை வந்தனான்?" என்று பாவம் அவன் கைகளை விரித்தான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன் நிருஷன் ஒரு மூலை உதையைக் கிட்டத்துக் கம்பத்துக்கு அடித்து, லோஜனின் தலையால் கோலாக்கினான். அதுவும் திருத்தப்படாத பழைய பிழைதான். கோபி "சீ" என்று தொடையில் தட்டினான். ஒன்றுக்கு ஒன்று. உண்மையான லோஜன் எழும்பிச் சபைக்குக் கும்பிடு போட்டான்.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேரும் கோட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் வாசலை மற்றவன் அடைக்கிறான். ஆட்டம் முடிய இன்னும் சொற்ப நேரம். அப்போதுதான் அது நடந்தது. திரையிலிருந்த லோஜனின் காலுக்குப் பந்து வர, கரவெட்டிப் பின்வரிசை வீரன் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டினான். பந்து போன பிறகு லோஜன் அவன் மேல் இடறி விழுந்தான். திரையிலிருந்த நடுவன் ஊதி, கையை நீட்டி, சண்டிலிப்பாய்க்குத் தண்ட உதை, அதாவது பெனால்ரி, கொடுத்துவிட்டான். மண்டபக் கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல்.

அதற்கு மேலால் தில்லைநாதன் மாஸ்ரரின் விசில் கேட்டது.

"தண்ட உதை இல்லை" என்றார். "முதலிலை பந்திலைதான் கால் பட்டது. உங்கடை படத்திலையே திருப்பிக் காட்டினவங்கள், பாத்தனீங்கள்தானே."

பார்த்தார்கள்தான். பார்த்தது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. சண்டிலிப்பாய்ப் பக்கம் கதிரைகள் விழுந்தன. ஆனால் திரையில் பந்து தண்ட உதைப் புள்ளியில் இருந்தது. அந்த விளையாட்டில் தண்ட உதையை வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. இத்தனை வருடமாக எத்தனையோ பொத்தான் வைத்தவர்கள் அதை மட்டும் வைக்கவில்லை.

மாஸ்ரர் நிருஷனிடம் குனிந்தார். "தம்பி, நீர் உதைச்சுத்தான் ஆகவேணும் எண்டால், வெளியிலை உதையும்."

நிருஷன் கணக்குப் போட்டான். உள்ளே அடித்தால் திரை இரண்டுக்கு ஒன்று என்று காட்டும், மாஸ்ரர் ஒன்றுக்கு ஒன்று என்பார். அந்தச் சண்டை பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும். வெளியே அடித்தால்? தமையனுக்கு எதிராக, கடைசி நேரத்தில், தண்ட உதையை வேண்டுமென்றே வெளியே அடித்த கரவெட்டி மாப்பிள்ளை. அவன் எதற்குப் பயந்தானோ அதைத் தன் கையாலேயே செய்யவேண்டும். திரும்பி மாமனாரைப் பார்த்தான். அருளம்பலத்தார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "இப்ப பாருங்கோ, ஆர் ஆளெண்டு தெரியும்" என்றது.

விசிலுக்கு ஓம் என்று சொல்லித்தானே கதிரையில் இருந்தோம் என்று நினைத்தான். பொத்தானை இறுக்கிப் பிடித்து, பந்தை மூலைக் கொடிக்கு மேலால் மழைக்குள் அனுப்பினான்.

ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியை மடியில் வைத்துவிட்டார். நிருஷனுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை.

கோபி ஒரு கணமும் இரங்கவில்லை. பந்தைக் கொண்டுவந்து தூரத்திலிருந்தே தாழ்வாக ஒரு அடி அடித்தான். நேரே கையில் போன பந்து. சண்டிலிப்பாய்க் காப்பாளன் பிடித்தான், பிடித்தது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி முன்னால் விழுந்தது. நிருஷன் அடித்துப்பிடித்து வெளியே உதைத்தான். மண்டபம் பெருமூச்சு விட்டது.

அந்தப் பெருமூச்சுக்குள் நிருஷனுக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. முந்திய பதிப்புகளில் மழை வெறும் படம். பெய்யும், புல் மினுங்கும், பந்து வெய்யிலில் உருளுகிற மாதிரித்தான் உருளும். இந்த வருடம் அப்படியில்லை. பந்து நனைகிறது. நனைந்த பந்து காப்பாளன் கையில் நிற்கவில்லை. இத்தனை வருடம் அண்ணனிடமும் தம்பியிடமும் திட்டு வாங்கியவர்கள் ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்திருக்கிறார்கள். கோபியோ, தம்பி தப்பிவிட்டான் என்று பல்லைக் கடித்தானே தவிர, அதைக் கவனிக்கவில்லை.

மேலதிக நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நிருஷன் பந்தைப் பறித்துக் கரையால் ஓடினான். கோபி வழக்கம்போல் நடுவில் ஆட்களைக் குவித்தான். ஓடு, வெட்டு, கொடு. அதுதானே தம்பிக்குத் தெரியும். நிருஷன் வெட்டவில்லை. பந்தைப் பின்னுக்குக் கொடுத்து, வெகு தூரத்திலிருந்து, கோல் காப்பாளனுக்கு நேரே, நிலத்தோடு நிலமாக உதைத்தான்.

"உதென்ன அடி" என்றான் கோபி.

காப்பாளன் குனிந்து பிடித்தான். பந்து வழுக்கியது. அந்த இடத்துக்கு லோஜனை நிருஷன் முன்கூட்டியே ஓடவிட்டிருந்தான். லோஜன் காலை வைத்தான். வலை அசைந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் மண்டபத்தில் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எவராலும் முடியாது. உண்மையான லோஜன் அழுதுகொண்டு எல்லாரையும் கட்டிப்பிடித்தான். திரைக்குள் நடுவன் ஆட்டம் முடிந்ததாக ஊதினான். தில்லைநாதன் மாஸ்ரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, திருப்திப்பட்டு, தானும் ஊதினார். இரண்டுக்கு ஒன்று.

மகாதேவி அக்கா கிண்ணத்தைத் தூக்கவும் கரவெட்டிக் கழகச் செயலாளர் எழும்பவும் சரியாக இருந்தது.

"மாஸ்ரர், எங்களிட்டை ஆட்சேபம் இருக்கு" என்றார். "விளையாடினவன் சண்டிலிப்பாய் இல்லை. எங்கடை ஊரிலை பிறந்து, எங்கடை கழகத்திலை சின்னனிலை பந்தடிச்ச பெடியன். எங்கடை பெடியனை வைச்சு எங்களையே வெல்லுறது எந்த ஊர் நியாயம்? சண்டிலிப்பாயான் எண்டால் அந்தத் தண்ட உதையை வெளியிலை அடிச்சிருப்பானோ?"

 அந்தக் கடைசிக் கேள்வி சண்டிலிப்பாய்க்காரரைச் சரியான இடத்தில் குத்தியது. ஒருவரும் அதை வெளியே அடித்திருக்கமாட்டார்கள். நிருஷன் தலை குனிந்தான். வென்றும் இதுதானா என்று நெஞ்சு எரிந்தது.

அருளம்பலத்தார் எழும்பினார். ஒலிபெருக்கியை வாங்கினார். அது ஒரு தடவை கீச்சிட்டது.

"விசிலுக்கு ஓம் எண்டு சொன்னது நான். அந்தச் சொல்லைக் காப்பாத்தினது உவர், என்ரை மருமோன். அந்த உதையை வெளியிலை அடிச்சபோது, சபைக்குள்ளை என்ரை வாக்குக்கு என்ரை மோன் நிண்ட மாதிரி இருந்தது. உவர் எங்கை பிறந்தாலென்ன? என்ரை வீட்டுப் பிள்ளை. சண்டிலிப்பாய்ப் பிள்ளை. இல்லையெண்டு சொல்லுற ஆள் எழும்பட்டும்."

எழும்பினார்கள். சண்டிலிப்பாய்ப் பக்கம் முழுவதும் எழும்பி, "எங்கடை பிள்ளைதான்" என்றது. பின்னாலிருந்து குத்தலாகக் கதைத்த அதே குரல் எல்லாருக்கும் மேலாகக் கேட்டது.

மாஸ்ரர் கையை உயர்த்தி அடக்கினார். கோபிசங்கர் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர்தான் தமையன். நீர் சொல்லும். உவர் எந்த ஊர்?"

கோபி கையிலிருந்த பிடியை மேசையில் வைத்தான். தோற்ற கோபம் முகத்தில் இன்னும் இருந்தது. தம்பியைப் பார்த்தான், செயலாளரைப் பார்த்தான்.

"எங்கடை வீட்டுப் பிள்ளைதான்" என்றான். "ஆனா நாங்கள் கட்டிக்குடுத்திட்டம். குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற வழக்கம் எங்கடை வீட்டிலை இல்லை."

முதலில் சிரித்தது மகாதேவி அக்கா. பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. ஆட்சேபம் கொடுத்த செயலாளரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாஸ்ரர் விசிலை வாயில் வைத்து, ஆட்சேபம் தள்ளுபடி என்பதற்கு நீளமாக ஒரு ஊது ஊதினார்.

லோஜனும் பெடியன்களும் நிருஷனைத் தோளில் தூக்கினார்கள். மகாதேவி அக்கா எட்டிக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார். ஏழு வருடமாக இந்த ஊரில் அவன் குரலை அளந்துதான் விட்டிருந்தான். சிரித்தால் பாதி, கோபம் வந்தால் கால்வாசி. இப்போது கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான். கீழே நின்ற சாருஜா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தன் புருஷனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.